பெட்ரோல் டிரிம்மரா, மின்சார டிரிம்மரா? சும்மா கிடக்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 400 சதுர மீட்டர் புல்தரை. நடுப்பகுதியைத் தள்ளிச் செல்லும் புல்வெட்டி பார்த்துக்கொள்கிறது. வேலி ஓரமும் நடைபாதை விளிம்பும் மரத்தடியும் அதற்கு எட்டுவதில்லை. பின்பக்க மூலையில் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடக்கிறது. இவற்றுக்காக ஒரு டிரிம்மர் வாங்க நினைக்கிறீர்கள். ஒரு நண்பர் "பெட்ரோல்தான் இழுக்கும்" என்கிறார், இன்னொருவர் "பேட்டரிதான் தொல்லையில்லாதது" என்கிறார். போதாக்குறைக்கு, மூன்று ஆண்டுகளாகக் கிளப்பாத பழைய பெட்ரோல் டிரிம்மர் ஒன்றும் கொட்டகையில் கிடக்கிறது. அதைச் சரிசெய்வதா, தூக்கிப் போடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விடையை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்குப் பேட்டரிக் கருவி போதும். 36 வோல்ட் வகுப்பில், பிரஷ் இல்லாத மோட்டாருடன், நேர்த்தண்டு உள்ளதாகப் பாருங்கள். பழைய கருவியை மட்டும் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

இனி காரணம். சிறு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். என் மேசைக்கு வந்த டிரிம்மர்களில் உழைத்துத் தேய்ந்து வந்தவை சொற்பம். பெரும்பாலானவை சும்மா கிடந்தே கெட்டவை. மாதம் இரண்டு முறை, தடவைக்கு அரை மணி நேரம் என்று நீங்கள் புல் வெட்டினால் ஆண்டுக்கு 12 மணி நேரம். மீதி 8,748 மணி நேரமும் கருவி சுவரில் தொங்கப்போகிறது. வாங்கும்போது எல்லோரும் அந்த 12 மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அந்த 8,748 மணி நேரத்தை எந்தக் கருவி தாக்குப்பிடிக்கும் என்பதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

அதற்கு முன், புல்லை உண்மையில் வெட்டுவது எது என்று பார்த்துவிடலாம். எஞ்சினோ மோட்டாரோ எதுவாக இருந்தாலும் புல்லைத் தொடுவது தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை மட்டுமே. இந்த யோசனை 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவருக்கு வந்தது. கார் கழுவும் நிலையத்தில் சுழலும் நைலான் தூரிகைகள் வண்டியின் வண்ணப்பூச்சைக் கீறாமல் அழுக்கை மட்டும் அடித்துப் போவதைப் பார்த்தவர், மரத்தைச் சுற்றியுள்ள புல்லையும் இப்படி அடித்து வெட்டலாமே என்று நினைத்தார். ஒரு தகர டப்பாவில் துளையிட்டு நரம்பைக் கோத்து, புல் ஓரம் வெட்டும் கருவி ஒன்றில் மாட்டிச் சுழற்றினார். அரை நூற்றாண்டு கடந்தும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

நரம்புக்குக் கூர்முனை கிடையாது. வேகம்தான் அதன் கூர்மை. 30 சென்டிமீட்டர் விட்டத்தில், நிமிடத்துக்கு 7,500 சுற்று என்று வைத்துக்கொண்டால் நரம்பின் நுனி மணிக்கு ஏறக்குறைய 420 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் காற்றே பெரும் தடை. டிரிம்மர் செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு புல்லை வெட்டப் போவதில்லை, நரம்பைக் காற்றுக்குள் இழுக்கப் போகிறது. இதை நம்பாதவர்கள், புல்லைத் தொடாமல் வெறும் காற்றில் பேட்டரிக் கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று பார்க்கட்டும்.

இதிலிருந்து ஒரு பாடம் உடனே கிடைக்கிறது. நரம்பு தடிமனாகவும் நீளமாகவும் இருக்க இருக்க மோட்டாரின் மூச்சு வாங்கும். சாதாரணப் புல்லுக்கு 1.6 முதல் 2 மி.மீ. நரம்பு போதும். தடித்த தண்டுள்ள களைகளுக்கு 2.4 மி.மீ. அதற்கு மேல் 2.7, 3 மி.மீ. எல்லாம் பெரிய பெட்ரோல் எஞ்சின்களுக்கானவை. "தடித்த நரம்பு போட்டேன், கருவி இழுக்கவில்லை" என்று சொல்பவர்கள் கருவியைக் குறை சொல்லக் கூடாது. அதேபோல், காப்புத் தகட்டின் விளிம்பில் ஒரு சின்னக் கத்தி இருக்கும். நரம்பு அளவுக்கு மேல் நீண்டால் நறுக்கிவிடுவதற்காக அது அங்கே இருக்கிறது. தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நரம்பு இஷ்டத்துக்கு நீள்கிறது, பளு கூடுகிறது, சுற்று குறைகிறது. பெட்ரோல் கருவியில் கிளட்ச் வழுக்கிச் சூடேறுகிறது. மின்சாரக் கருவியில் மோட்டார் கருகுகிறது. கல் முகத்துக்கு நேராக வருவது இதற்கெல்லாம் மேல்.

இப்போது பெட்ரோல். ஆங்கிலக் காணொளிகளில் 'கேஸ் டிரிம்மர்' என்று கேட்டுவிட்டு, சமையல் எரிவாயுவில் ஓடுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அமெரிக்கர்கள் பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பெரும்பாலான பெட்ரோல் டிரிம்மர்களில் 25 முதல் 35 சி.சி. வரையிலான டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கும். இதற்குத் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். இன்றைய கருவிகள் பலவற்றுக்கு 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. சிலவற்றுக்கு 40-க்கு 1, அதாவது 25 மில்லி. பழையவை சில 25-க்கு 1 கேட்கும், அதாவது 40 மில்லி. உங்கள் கருவிக்கு எது என்பதை மூடியிலோ கையேட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள், கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அது மன்னிக்கக்கூடிய பிழை. ஆயிலே இல்லாமல் ஊற்றுவதுதான் மன்னிப்பில்லாத பிழை. ஒருவர் அவசரத்தில் வெறும் பெட்ரோலை நிரப்பி ஓட்டிவிட்டு, "திடீரென்று நின்றது, கயிறு இழுக்கவே வரவில்லை" என்று கருவியைக் கொண்டுவந்தார். சைலன்ஸரைக் கழற்றி வெளியேற்று வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் ஆணியால் கீறியதுபோல் நெடுங்கோடுகள். அந்த எஞ்சினுக்கு மறுவாழ்வு இல்லை.

ஆனால் அப்படி ஒரேயடியாகச் சாகும் எஞ்சின்கள் குறைவு. மெல்லச் சாகும் எஞ்சின்களே அதிகம். கலந்து வைத்த எரிபொருளை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. யாரும் அதைப் படிப்பதில்லை. தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோலின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைக்கும். கார்புரேட்டருக்குள் தாள் போன்ற ஒரு சவ்வு இருக்கிறது. கருவியை எப்படிச் சாய்த்தாலும் எஞ்சின் ஓடுவது அதன் புண்ணியத்தில்தான். அந்தச் சவ்வு விறைத்துப் போனால் எரிபொருள் ஒழுங்காக வராது. தொட்டிக்குள் போகும் ரப்பர் குழாயும் இறுகி வெடிக்கும். அப்புறம் ஒரு நல்ல காலை வேளையில் நீங்கள் கயிற்றை இழுப்பீர்கள், இழுப்பீர்கள், இழுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

கிளப்பும் முறையிலும் தவறு நடக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு ரப்பர்க் குமிழைப் பலமுறை அமுக்கி எரிபொருள் அதில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை மூடிக் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு மூன்று இழுப்பில் 'பட்' என்று ஒரு முறை வெடித்து அடங்கும். அந்தக் கணமே சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்த ஒற்றை வெடிப்பைக் கவனிக்காமல் சோக்கை மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் எஞ்சின் எரிபொருளில் மூழ்கிவிடும். அப்படி ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, துளை கீழே பார்க்கும்படி சாய்த்துச் சிலமுறை இழுத்து, சற்று உலரவிட்டு மாட்டினால் கிளம்பிவிடும். "எஞ்சின் செத்துவிட்டது" என்று வந்த கருவிகளில் இப்படி மூழ்கியவையும் உண்டு. கிளம்பிய பிறகு வேகம் எடுக்காமல் திணறினால் கார்புரேட்டர்த் திருகுகளில் கை வைக்கும் முன் சைலன்ஸரின் வாயைப் பாருங்கள். தீப்பொறி தடுக்கும் நுண்வலை ஒன்று பல கருவிகளில் அங்கே இருக்கிறது. கரி படிந்து அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சுவிட வழியிருக்காது. வலையைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

இவ்வளவு குறை சொன்னதால் பெட்ரோல் கருவி வேண்டவே வேண்டாம் என்கிறேனா என்றால், இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அரை லிட்டர்த் தொட்டியில் 4,500 வாட் மணி. சிறு எஞ்சின் ஊதாரி. அதில் ஏழில் ஒரு பங்கை மட்டுமே சுழற்சியாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 640 வாட் மணி தண்டுக்கு வந்து சேர்கிறது. நல்ல 36 வோல்ட் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 144 வாட் மணி. அதாவது ஒரு சின்னத் தொட்டி நான்கு பேட்டரிகளுக்கு மேல் சமம். மறுபடி நிரப்ப இரண்டு நிமிடம். காலையிலிருந்து மாலை வரை தோட்டம் தோட்டமாக வெட்டுபவருக்கும், மின்சாரம் எட்டாத இடத்தில் ஏக்கர் கணக்கில் களை எடுப்பவருக்கும் இது பெரிய வசதி. அவர்கள் கருவியைச் சும்மா போடுவதும் இல்லை. தினமும் ஓடும் எஞ்சினில் பெட்ரோல் கெட்டுப்போக நேரம் ஏது?

ஃபோர் ஸ்ட்ரோக் டிரிம்மர்களும் இருக்கின்றன. ஹோண்டாவின் 25 சி.சி., 35 சி.சி. எஞ்சின்கள் பலருக்கும் தெரிந்தவை. கலவை தேவையில்லை, ஆயில் தனி, புகை குறைவு, சத்தமும் சற்று ஆழமாக, காதைக் குத்தாமல் வரும். எடை கொஞ்சம் கூடும். ஆயில் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். பெட்ரோல்தான் வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். ஆனாலும் பழைய பெட்ரோல் அதன் கார்புரேட்டரையும் விட்டுவைக்காது.

வயர் இணைக்கும் மின்சார டிரிம்மரைப் பற்றி யாரும் உங்களிடம் பேசவில்லை போலிருக்கிறது. பாவம், அதற்கு ஆதரவாளர்களே கிடையாது. ஐந்து ஆண்டு தொங்கவிட்டு எடுத்தாலும் பிளக்கைச் செருகினால் சுற்றும். 8,748 மணி நேரக் கணக்கில் அதை வெல்ல ஆளில்லை. எடையும் விலையும் குறைவு. இடைஞ்சல் வயர் மட்டுமே. சிறிய முற்றத்துக்கு, மரங்கள் அதிகம் இல்லாத இடத்துக்கு, நான் தயங்காமல் இதைச் சொல்வேன். வெளிப்பயன்பாட்டுக்கான தடித்த நீட்டிப்பு வயரை வாங்குங்கள். சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்ளடுக்குகள் சூடேறும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். ஈரப் புல்லில் இதைத் தொடவே கூடாது. வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே நகர்ந்தால் வயர் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். உங்கள் விஷயத்தில் வேலி நெடுகவும் மரத்தடிகளிலும் வயர் சிக்கும் என்பதால்தான் இதை விட்டுவிட்டேன்.

பேட்டரிக்கு வருவோம். இங்கேதான் வாங்குபவர்கள் எண்களில் ஏமாறுகிறார்கள். ஒரு கருவியில் '18 வோல்ட்' என்று இருக்கும், பக்கத்தில் இன்னொன்றில் '20 வோல்ட்' என்று இருக்கும். இரண்டிலும் உள்ளே இருப்பது ஐந்து செல்களின் தொடர். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18. முழுதாக ஏற்றிய நிலையில் ஏறக்குறைய 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20. பொருள் ஒன்றே, ஒட்டிய சீட்டுதான் வேறு. '36'-க்கும் '40'-க்கும் உள்ள உறவும் இதுவே.

பார்க்க வேண்டிய எண் வாட் மணி. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. டிரிம்மர் சராசரியாக 300 வாட் இழுத்தால் ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கருவியோடு இலவசமாக வரும் பேட்டரி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். முதல் நாளே "பேட்டரிக் கருவி பொம்மை" என்று சலித்துக்கொள்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 144 வாட் மணி. 400 வாட் இழுத்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். டிரிம்மரை யாரும் விசையை அமுக்கியபடியே பிடித்திருப்பதில்லை. வெட்டுகிறோம், விடுகிறோம், நகர்கிறோம். விசையை விட்டால் செலவு நின்றுவிடுகிறது. ஆகவே அந்த இருபது நிமிடம் நடைமுறையில் உங்கள் அரை மணி நேர வேலையை முடித்துக் கொடுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 'ஒரு மணி நேரம் ஓடும்' என்பதைப் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் அளந்திருப்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள்.

பிரஷ் இல்லாத மோட்டார் வேண்டும் என்று ஏன் சொன்னேன்? பழைய வகை மோட்டாரில் கரித்துண்டுகள் உரசி உரசித்தான் மின்சாரம் உள்ளே போகிறது. உரசுவதால் சூடு, தேய்மானம், வீண். பிரஷ் இல்லாத வகையில் அந்த வேலையை மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்கிறது. அதே பேட்டரியில் கூடுதல் நேரம் கிடைக்கும். புல் அடர்ந்த இடத்தில் சுற்று விழாமல் தாங்கிப் பிடிக்கவும் பல கருவிகளில் அந்தச் சுற்று உதவுகிறது.

பேட்டரியும் சும்மா கிடந்தால் கெடும், ஆனால் அதைத் தடுப்பது எளிது. சில விதிகள் போதும். முற்றிலும் காலியாக்கி விட்டுவிடாதீர்கள். வெகுநாள் வைப்பதானால் பாதி ஏற்றிய நிலையில் வையுங்கள். வெயில் படும் கொட்டகையிலோ காருக்குள்ளோ வைக்காதீர்கள். வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். லித்தியம் அயனி செல்லுக்கு வெப்பம்தான் முதல் எதிரி. புல் வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் செருகாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். உறைபனிக் குளிரிலும் ஏற்றக் கூடாது. பராமரிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். பெட்ரோலுக்கு நான் எத்தனை பத்தி எழுதினேன் என்று மேலே போய் எண்ணிப் பாருங்கள்.

ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. சில நூறு முறை ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு சுருங்கும். மாற்று பேட்டரியின் விலை சில நேரம் கருவியின் விலையையே எட்டிப் பிடிக்கும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. ஆகவே டிரிம்மர் வாங்கும்போது நீங்கள் உண்மையில் ஒரு பேட்டரிக் குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில்லோ ரம்பமோ இருந்தால் அதே பேட்டரியில் ஓடும் டிரிம்மர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது 18 வோல்ட் வகையாக இருந்தால் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்து மாட்டி 36 வோல்ட்டாக ஓடும் டிரிம்மர்களும் வருகின்றன.

சத்தத்தைப் பற்றி எழுதாமல் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பெட்ரோல் டிரிம்மர் இயக்குபவரின் காதருகே 95 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் ஒரு கணக்கு இது: 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 97 டெசிபெல்லுக்கு அரை மணி நேரம்தான். உங்கள் ஒரு தடவை வேலைக்கே அந்த அனுமதி தீர்ந்துவிடும். காதடைப்பான் இல்லாமல் பெட்ரோல் கருவியைக் கிளப்பவே கூடாது. பேட்டரிக் கருவி அமைதியானது என்று நினைத்துவிடவும் வேண்டாம். நரம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம் எதிலும் போகாது. எஞ்சின் உறுமல் இல்லாததுதான் வேறுபாடு.

அதிர்வும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டக் கூடாது. கருவிகளின் கையேட்டுக் கடைசிப் பக்கங்களில் இந்த எண் அச்சாகியிருக்கும். யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கருவிகளில் எது என்று தயங்கினால் இந்த எண் குறைவாக உள்ளதை எடுங்கள். விரல் நுனி மரத்துப்போகும் தொல்லை வந்தவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

புகையைப் பொறுத்தவரை டூ ஸ்ட்ரோக்கின் குறை அதன் பிறவிக் குறை. புதிய கலவை சிலிண்டருக்குள் நுழையும் அதே நேரத்தில் வெளியேற்று வாயும் திறந்தே இருக்கிறது. ஒரு பகுதி எரியாமலேயே வெளியே ஓடிவிடுகிறது. முடித்துவிட்டு வந்து சட்டையை முகர்ந்தால் தெரியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் முடிவெடுத்து, 2024 மாடல் முதல் இத்தகைய சிறு எஞ்சின்களின் புதிய விற்பனைக்குக் கதவடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும் முன் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பேட்டரியை மாட்டச் சொல்லி, வெட்டும் நிலையில் ஐந்து நிமிடம் பிடித்து நில்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முதுகுக்கு முக்கியம். மோட்டார் அடிப்பக்கத்திலும் பேட்டரி மேல்பக்கத்திலும் இருந்தால் தராசு போல் நிற்கும். வளைந்த தண்டு கைக்கு இலகுவாக இருக்கும், ஆனால் வேலிக்கடியிலும் புதருக்கடியிலும் நுழையாது. உங்களுக்கு வேலி அதிகம் என்பதால்தான் நேர்த்தண்டு என்றேன். நரம்பு மாற்றுவது எப்படி என்று விற்பவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். அவரே திணறினால் வீட்டில் உங்கள் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். நரம்பு வெயிலில் கிடந்து காய்ந்துவிட்டால் நொறுங்கும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டால் மறுபடி இளகும்.

பயன்படுத்தும்போது இரண்டு விஷயம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் விசையைத் தொடாதீர்கள். 15 மீட்டருக்குள் ஆளோ நாயோ இருக்கக் கூடாது. இன்னொன்று மரம். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய உயிரடுக்குதான் மரத்தை வளர்க்கிறது. இளமரத்தின் அடியில் நரம்பு வாரா வாரம் உரசினால் பட்டை வட்டமாக உரிந்து, இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காமல் மரம் பட்டுப்போகும். ஏன் காய்ந்தது என்று தெரியாமல் உரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மரத்தடியில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லைக் கையால் எடுத்துவிட்டுச் சருகு பரப்பிவிடுங்கள். டிரிம்மருக்கு அங்கே வேலையே இருக்காது.

கடைசியாகக் கொட்டகைக் கருவி. முழங்கால் உயரப் புதரை முதல்முறை சாய்க்க அது பயன்படலாம். தொட்டியில் இருப்பதை ஒரு குப்பியில் வடித்து, முறையாக அப்புறப்படுத்துங்கள். வேறெதிலும் ஊற்ற வேண்டாம். எரிபொருள் குழாயை மடக்கிப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். தொட்டிக்குள் தொங்கும் சின்ன வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றுங்கள். காற்று வடிகட்டியைக் கழுவி உலர்த்துங்கள். புதிய கலவை ஊற்றி, நான் சொன்ன முறையில் கயிற்றை இழுங்கள். பத்து இழுப்பில் கிளம்பினால் அதிர்ஷ்டம். கிளம்பாவிட்டால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து சவ்வுகளை மாற்ற வேண்டும். அந்தச் செலவு ஒரு நாள் கூலிக்குள் முடியுமானால் செய்யுங்கள். முடியாதென்றால் ஒரு நாளைக்குக் கருவியை வாடகைக்கு எடுங்கள், அல்லது அரிவாளை எடுங்கள். கிளம்பிவிட்டது என்று உற்சாகத்தில் அதில் நரம்புக்குப் பதிலாக உலோக வெட்டுத் தகட்டை மாட்டிவிடாதீர்கள். கையேடு அனுமதித்தால் மட்டுமே தகடு. வளைந்த தண்டுள்ள கருவிகளில் பெரும்பாலும் அதற்கு அனுமதி இல்லை. தகடு கல்லிலோ தடித்த தண்டிலோ பட்டால் கருவி முழுவதுமே பக்கவாட்டில் எகிறும். அதைத் தாங்கத் தோள்பட்டைப் பட்டையும் அகலமான இரட்டைக் கைப்பிடியும் வேண்டும்.

நரம்பை வைத்தே உயரப் புல்லை வெட்டலாம். அடியில் கை வைக்காமல் மேலிருந்து அரைச் சாண் அரைச் சாணாக இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒரேயடியாக அடியில் வெட்டினால் நீளப் புல் கருவியின் சுழலும் தலையைச் சுற்றிக்கொண்டு கருவி நின்றுவிடும். வேலை முடிந்ததும் எஞ்சின் ஆறிய பிறகு தொட்டியை வடித்துவிட்டு, மறுபடி கிளப்பித் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு மாட்டுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு யாராவது இதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதியை நீங்கள் கேட்டிருக்கவே வேண்டாம்.